அழித்து எழுதிய எண்

போன வாரம் மருமகளை எங்கே விட்டோம்? நாத்தனார் வீட்டு விருந்தில், பாதி சாப்பிட்ட தட்டோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு. சிரிக்க வைத்தது வேறு யாருமில்லை, மாமியார்தான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே கம்பெனியில்தான் வேலை. பூமிக்கு அடியில் குழாய் போட்டு எரிவாயு அனுப்புகிற கம்பெனி. மாமியார் அங்கே சோதனை யார்டுக்குத் தலைவி. துருப்பிடித்த பழைய குழாயை வெட்டிக்கொண்டு வந்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, தண்ணீர் நிரப்பி, வெடிக்கும்வரை அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது அவர் வேலை. மகன் வெளிவேலை. மண்ணைத் தோண்டி ஓடுகிற குழாயைச் சரிபார்க்கிற ஆட்களுக்கு அவன் மேற்பார்வை. வருஷத்தில் பாதி நாள் குழிக்குள்ளேயே கிடப்பதால் எல்லாருக்கும் அவன் குழிக்காரன். மருமகள், எந்தக் குழாய் எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்று வெடிப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுச் சொல்கிறவள். அவளுக்குப் பெயர் கணக்கு. கட்டினவனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

போன சோதனையில் அவள் சொன்ன எண் ரொம்பக் குறைச்சல். அவள் பேச்சை நம்பி ஓடுகிற குழாயின் அழுத்தத்தை இறக்கினார்கள். நாலைந்து தொழிற்சாலை அரை நாள் நின்றது. போன் மேல் போன் போட்டு மேலாளரைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் அந்தக் குழாய், நான் இப்போதைக்குச் சாகமாட்டேன் என்று அடம்பிடித்து, அவள் சொன்னதைத் தாண்டி எங்கேயோ போய் வெடித்தது.

விருந்தில் மாமியார் அதைத்தான் சொல்லிச் சிரித்தார். "இவ கணக்கை நம்பினா, வீட்டுல தண்ணிக் குழாயைத் திறக்கவே ஹெல்மெட் போட்டுக்கணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். குழிக்காரனும் சிரித்தான். கணக்கும் சேர்ந்து சிரித்தாள், வேறு என்ன செய்வாள்? அன்றைக்குச் சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இன்று அடுத்த சோதனை.

காலையில் குழிக்காரன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எங்கே வேலை?" என்று கேட்டாள்.

"ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். நீங்க இன்னைக்கு வெடிக்கப் போறீங்களே, அந்தத் துண்டுக்கு அடுத்த குழாய்."

"இன்னைக்கேவா?"

"தோண்டற மெஷின் இன்னைக்குத்தான் கிடைச்சுது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"கணக்கு முடிஞ்சுதா?"

"இல்லே, இன்னும் ஒரு தடவை பாக்கணும்."

பச்சைப் பொய். கணக்கு நேற்றே முடிந்துவிட்டது.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "பாத்துப் போடும்மா. மறுபடியும் ஊரையே நிறுத்தி வெச்சுடாதே!"

"விடும்மா, எத்தனை தடவைதான் சொல்லுவே" என்றான் குழிக்காரன். ஆனால் அவன் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்குக் கிடைத்த எண் என்ன, அது ஏன் அவளைத் தூங்கவிடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார் டயரில் இரண்டு, இரண்டரை பார் அழுத்தம் இருக்கும். மண்ணுக்கடியில் ஓடுகிற அந்தக் குழாயில் எண்பது பார். புதுக் குழாயாக இருந்தால் இருநூறைத் தாண்டியும் அசையாது. துரு தின்ற குழாய் அப்படி இல்லை. எங்கே தின்றது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று வெடிக்கப்போகிற துண்டில் இரண்டு துருப்பள்ளம். தனித்தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. அவள் நேற்று யார்டில் ஒரு கோணியை விரித்து, குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். அடிப்பக்கத்தில், இரண்டு பள்ளத்துக்கும் நடுவில், இரும்பு மெலிந்து ஒரு வாய்க்கால் போல ஓடியது. அப்படியென்றால் அது இரண்டு பள்ளம் இல்லை, ஒரே நீளப் பள்ளம். ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டாள். தொண்ணூற்று நான்கு வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

ஓடுகிற எண்பதுக்கும் இந்தத் தொண்ணூற்று நான்குக்கும் நடுவில் என்ன பெரிய இடைவெளி இருக்கிறது? அதே மாதிரி துருதான் அடுத்த குழாயிலும் என்று குழாய்க்குள்ளேயே ஓடிப் பார்த்த கருவி சொல்லியிருக்கிறது. அந்தக் குழாயைத்தான் இன்று தோண்டுகிறார்கள். தோண்டியதும் ஓர் ஆள் குழிக்குள் இறங்கி, குழாயின் மேல்பூச்சைச் சுரண்டி எடுப்பான்.

அவளுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை.

யார்டு அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. சோதனைக்கு முன்னால் கணக்கு, மாமியார், மேலாளர், வெல்டர் நாலு பேரும் அவரவர் எண்ணை அதில் எழுத வேண்டும். யார் எண் கிட்டத்தில் வருகிறதோ அவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். அது விளையாட்டு. விளையாட்டில்லாத விஷயமும் அந்தப் பலகையில் உண்டு. நாலு எண்ணில் எது குறைச்சலோ, அது கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். நூற்றிருபதுக்குக் கீழே ஒரே ஓர் எண் இருந்தாலும் போதும். அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஆளைக் குழிக்குள் விடுவார்கள். ஒருத்தர் பயந்தால்கூட எல்லாரும் அதை மதிக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ வைத்த வழக்கம்.

அவள் போனபோது அறையில் யாரும் இல்லை. பலகையில் மூன்று எண்கள் இருந்தன. மாமியார் நூற்று நாற்பத்திரண்டு. மேலாளர் நூற்று முப்பத்தெட்டு. அவர் எப்போதும் மாமியார் எண்ணைப் பார்த்து, அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிட்டு எழுதுவார். வெல்டர் நூற்றைம்பது. தன் கை பட்ட குழாய் சீக்கிரம் வெடிக்கும் என்று எழுத அவருக்கு எப்போதுமே மனசு வராது.

மார்க்கரை எடுத்து 94 என்று எழுதினாள்.

எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மூன்று தடியர்களுக்கு நடுவில் நோஞ்சான் பிள்ளை மாதிரி நின்றது அந்த எண்.

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. வெல்டரின் குரலும், அவர் சொன்னதற்கு யாரோ சிரிக்கிற சத்தமும். எதற்குச் சிரித்தார்களோ, யாருக்குத் தெரியும்? அவளுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே கேட்டது. தொண்ணூற்று நாலா, மறுபடியுமா, என்று மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொள்வது கண்ணில் தெரிந்தது. நாத்தனார் வீட்டில் அடுத்த விருந்தும் தெரிந்தது.

உள்ளங்கையாலேயே துடைத்தாள். 136 என்று எழுதினாள்.

'மூணு பேரும் சேர்ந்தா தப்புப் பண்ணுவாங்க? நான்தான் எங்கேயோ தப்பா பாத்திருக்கேன். அப்படியும் எல்லாரையும் விடக் குறைச்சலாத்தானே போட்டிருக்கேன்' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதற்கெல்லாம் நமக்கு ஆள் வைத்தா சொல்லித்தர வேண்டும்?

முதலில் உள்ளே வந்தது மாமியார். பலகையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே! தேறிட்டே" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெட்கக்கேட்டை என்னவென்று சொல்வது! அந்த ஒரு தட்டில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

சோதனை மத்தியானம் ஆரம்பித்தது. குழாய்த் துண்டு கனமான கான்கிரீட் தொட்டிக்குள் கிடந்தது. எல்லாரும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று திரையில் பார்த்தார்கள். பம்ப் ஓட்டுகிறவர் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"அறுபது... எழுபது... எண்பது..."

"இன்னைக்கு டீ எனக்குத்தான்" என்றார் வெல்டர்.

"அதையும்தான் பாப்போம்" என்றார் மாமியார்.

கணக்கு திரையையே பார்த்தாள். தாண்டிடு, தாண்டிடு, என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். தான் போட்ட கணக்கு தப்பாகப் போக வேண்டும் என்று அவள் இதுவரை வேண்டிக்கொண்டதே இல்லை.

"தொண்ணூறு... தொண்ணூத்திரண்டு... தொண்ணூத்தி நாலு..."

ஒன்றும் ஆகவில்லை.

"தொண்ணூத்தஞ்சு..."

தாண்டிவிட்டது! பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். தப்பு, நான் போட்டது தப்பு, நல்ல வேளை அழித்தேன் என்று நினைத்த அந்த நொடியில் காலுக்கடியில் தரை ஒரு குதி குதித்தது. காது அடைத்துப்போனது. தகரக் கூரையில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது.

திரையில் புகை போல நீர்த்துளி கலைந்ததும் குழாய் தெரிந்தது. அடிப்பக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது. பிளவு முதல் பள்ளத்தில் தொடங்கி, வாய்க்கால் வழியாகப் போய், இரண்டாவது பள்ளத்தில் முடிந்திருந்தது.

"தொண்ணூத்தாறு" என்றார் பம்ப் ஓட்டுகிறவர்.

யாரும் டீயைப் பற்றிப் பேசவில்லை.

கணக்குதான் முதலில் ஓடினாள். மேஜை மேலிருந்த போனை எடுத்தாள். முதலில் புருஷன் நம்பர். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அடுத்தது கன்ட்ரோல் ரூம்.

"ஆத்துப் பாலத்துப் பக்கம் லைன் பிரஷரை இறக்குங்க. உடனே! ஆளுங்களை மேலே ஏறச் சொல்லுங்க!"

"மேடம், குழி வேலை பர்மிட்ல இறக்க வேண்டாம்னுதானே இருக்கு?" என்றார் எதிர்முனையில் இருந்தவர். "இருக்கறதிலேயே குறைஞ்சது உங்க எண்ணுதான். அதுவே நூத்தி முப்பத்தாறு போட்டிருக்கீங்களே."



"அது தப்பு. துண்டு தொண்ணூத்தாறுல வெடிச்சுடுச்சு."

"அப்படியா? அப்போ மேலாளர் ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா..."

மாமியார் போனைப் பிடுங்கினார். "மேலாளரும் கீழாளரும் அப்புறம்யா! என் பையன் அங்கே குழியில இருக்கான். வால்வை மூடு! ஆளை ஏத்து!"

சரி என்ற பதில் வந்தபிறகுதான் போனை வைத்தார்.

அழுத்தம் என்பது விளக்கை அணைக்கிற மாதிரி அணைகிற சமாச்சாரம் இல்லை. மெதுவாகத்தான் இறங்கும். அதுவரை ஆட்கள் ஏறிவிட வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே பெஞ்சில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் நினைப்பு. ஒருத்தி பெற்றவள், ஒருத்தி கட்டிக்கொண்டவள். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர அவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

போன் மணி அடித்தது. மேலாளர் எடுத்துக் கேட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏறிட்டாங்க. எல்லாரும் ஏறிட்டாங்க. பிரஷரும் இறங்குது."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் யார்டில் என்ன நடந்தது என்கிறீர்கள்? ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "எல்லாருமேதான் ஏமாந்தோம். ஒருத்தரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் மேலாளர். உடனே போன் பண்ணியதற்குக் கணக்கைப் பாராட்டக்கூடச் செய்தார்.

வெல்டர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைம்மா, நீங்களும் நூத்தி முப்பத்தாறு போட்டீங்க. நீங்க மட்டும் குறைச்சுப் போட்டிருந்தா இன்னைக்கு எங்க மானம் கப்பலேறியிருக்கும்."

நல்ல மனுஷன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். மார்க்கர் மை எப்போதோ போய்விட்டது, இருந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவளை இன்னும் கூச வைத்தது. கும்பலோடு கும்பலாகத் தப்பித்துவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

குழிக்காரன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டையெல்லாம் மண். மாமியார் வாசலிலேயே அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகத்தைத் தடவினார். கீழே விழுந்த குழந்தைக்குக் காயம் தேடுகிற மாதிரி தோளையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் குழிக்குள்ளேயே இல்லையே."

"இல்லையா?"

"காலைலேர்ந்தே இடுப்புப் பிடிச்சிக்கிச்சு. குனிய முடியல. மேலேயே நின்னுட்டேன். கடப்பாரைதான் உள்ளே இறங்கினான்."

கடப்பாரை அவனிடம் வேலை பார்க்கிறவன். ஒல்லியாக, நெட்டையாக, நேராக நிற்பான். அதனால் வந்த பெயர்.

"அப்பாடா!" என்றார் மாமியார்.

"நல்ல வேளை" என்றாள் கணக்கு. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

குழிக்காரன் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"எப்படி எல்லாருமே தப்பாப் போட்டீங்க?" என்றான். "அம்மா போட்டது தப்பு, மேலாளர் போட்டது தப்பு, சரி. நீ குழாய்க்கு அடியில படுத்துப் பாத்தேன்னு யார்டுல சொன்னாங்க. உனக்குக்கூடவா தெரியல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"தெரிஞ்சுது" என்றாள்.

"என்னது?"

"தொண்ணூத்தி நாலுன்னு வந்துது. எழுதினேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

அவன் கையில் ஒரு பூட்ஸ் அப்படியே நின்றது.

"ஏன்?"

"சிரிப்பாங்கன்னு."

"யாரு?"

பதில் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். குழிக்காரனுக்கும் புரிந்தது. அவனும் அந்த விருந்தில் சிரித்தவன்தானே.

மாமியார் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது.

"நான் பாத்தேன்டா" என்றார்.

"என்ன பாத்தே?"

"ஜன்னல் வழியா. இவ எழுதினதைப் பாத்தேன். அழிச்சதையும் பாத்தேன்."

கணக்கு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தேறிட்டே என்று முதுகில் தட்டிய கை அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பாத்துட்டுமா சும்மா இருந்தே?"

"இப்பவாவது புத்தி வந்துதேன்னு நெனச்சேன்." மாமியார் தரையைப் பார்த்துப் பேசினார். "எனக்கு முட்டி போயிடுச்சுடா. கீழே குனிஞ்சு அடிப்பக்கம் பாக்க முடியல. நின்ன வாக்குலயே பாத்துட்டு எண்ணைப் போட்டேன். முட்டி வலின்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க. இவ படுத்துப் பாத்தாளே, ஏன் குறைச்சுப் போடறான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா நான் பாக்கலைன்னு தெரிஞ்சுடும். அதான் கேக்கல."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார்டையே ஒரு அதட்டலில் நிறுத்துகிற மனுஷி. பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் கணக்கு புருஷனிடம். "நீங்க இறங்குவீங்கன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். உங்களுக்கு மட்டும் ஏதாவது ஆகியிருந்தா..."

"நிறுத்து."

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்காக அழறியா? நான் உன்னைத் திட்டுவேன், நாலு நாள் பேசமாட்டேன், அப்புறம் சரியாப் போயிடும். அது நம்ம வீட்டுச் சண்டை. நான் அதைக் கேக்கல. நான் இல்ல, கடப்பாரைதான் இறங்கினான்னு சொன்னதும் ரெண்டு பேரும் என்ன சொன்னீங்க?"

கையிலிருந்த பூட்ஸைக் கீழே போட்டான்.

"அப்பாடான்னீங்க. நல்ல வேளைன்னீங்க. சிரிச்சீங்க. ஏன், அவனுக்கு அம்மா இல்லையா?"

அந்தக் கேள்வி கணக்கைச் சுட்டது. காலையில் அழித்ததுகூடப் பயத்தில் செய்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். இப்போது, இந்த அறையில், சற்று முன்னால் சிரித்தாளே, அது எதில் சேர்த்தி? மத்தியானம் முழுக்க அந்தக் குழிக்குள் ஒரே ஓர் ஆள்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இல்லை என்றதும் குழியே காலியாகிவிட்டது அவளுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரே மாமியாரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அதே அவமானம்தான் அப்பிக் கிடந்தது.

"மேலே ஏறச் சொல்லிக் கத்தினேன்" என்றான் குழிக்காரன். "அவன் என்ன சொன்னான் தெரியுமா? இருங்கண்ணே, இந்த ஓரத்தைச் சுரண்டிட்டு வந்துடறேன்னான். கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தினேன். அந்த ஓரத்துலதான் இரும்பு மெலிஞ்சு வாய்க்கால் மாதிரி ஓடுது."

வாசல் மணி அடித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. கணக்குதான் போய்த் திறந்தாள். திறந்தபிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை என்று ஞாபகம் வந்தது.

வாசலில் கடப்பாரை. தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். பக்கத்தில் குள்ளமாக ஓர் அம்மா, கையில் ஒரு பையில் பழங்கள்.

"எங்க அம்மா, அண்ணி" என்றான். "சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க. இப்பவே உங்களைப் பாத்தாகணும்னு ஒரே பிடிவாதம்."

அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். கணக்கின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சமையலும் பாத்திரமும் பழகிய, காய்த்துப்போன கை.

"நீதான் ஓடிப்போய் போன் பண்ணினியாமே, தாயி! எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான். நீ நல்லா இருக்கணும்."

"இல்லம்மா..." என்றாள் கணக்கு. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த அம்மா விடவில்லை.

"என்ன இல்ல? எத்தனை படிச்சவங்க நின்னுட்டிருந்தாங்களாம், உனக்குத்தானே முதல்ல தோணுச்சு? அந்த மனசு யாருக்கு வரும்?"

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து நின்றிருந்தார். குழிக்காரன் ஒற்றைப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். மனைவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

உட்காருங்க, டீ போடறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொள்ளலாம். அந்த அம்மா டீயைக் குடித்துவிட்டு, நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, பிள்ளையோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்.

"அம்மா" என்றாள் கணக்கு. "எனக்குக் காலையிலேயே தெரியும்."

கையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

"என்ன கண்ணு தெரியும்?" என்று கேட்டார், சிரித்தபடியே.